மேனேஜருக்கு அளவெடுத்த நாள்

போன வார அத்தியாயத்தின் கடைசியில் அண்ணி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். “சரி, நானே தச்சுத் தர்றேன்.” அதைக் கேட்டு அண்ணன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டான், சின்னவள் வாயைப் பிளந்தாள். அந்த வீட்டில் அது அவ்வளவு பெரிய செய்தி.

ஏன் பெரிய செய்தி என்று இந்தப் பக்கத்தை முதல் தடவையாகப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்லிவிட்டுப் போகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மூன்று பேர். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அண்ணி, முதுகுவலிக்காரர்களுக்கும் கைகால் முறிந்தவர்களுக்கும் பெல்ட் தைக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறவள். சின்னவள் அண்ணனின் தங்கை, புருஷன் வேண்டாம் என்று கிளம்பி வந்து இங்கேயே தங்கிவிட்டவள். நாலாவதாக மேனேஜர்.

மேனேஜர் ஓர் ஓணான். சுவரோரம் ஓடுகிற சாதா ஓணான் என்று நினைத்துவிடாதீர்கள். முழங்கை நீளம், கழுத்தடியில் முள்முள்ளாகத் தாடி, கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கிற சாதி. நாள் முழுக்க விளக்கடியில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரை முறைக்கும். எப்போதாவது தலையை ஆட்டும். வேறு வேலை கிடையாது. பெயர் வைத்தது அண்ணன். யாரை மனதில் வைத்துக்கொண்டு வைத்தான் என்பது அவன் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

“ஓணானையெல்லாம் மனுஷங்க வளர்ப்பாங்களா?” என்று ஒரு வாசகி சூடாக எழுதியிருந்தார். அம்மா, அண்ணியும் முதல் நாளே அதைத்தான் கேட்டாள்.

புருஷன் வீட்டிலிருந்து வரும்போது சின்னவள் கொண்டுவந்தது ஒரு துணிப்பெட்டியும் இந்தத் தொட்டியும்தான். ஏதோ சண்டையில் அந்த மனுஷன், “உனக்கு நானா, அதுவா?” என்று கேட்டு, நல்ல குளிரில் தொட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டான். காலையில் அது விறைத்துக் கிடந்தது. மார்போடு அணைத்துச் சூடேற்றி, அது கண்ணைத் திறந்த பிறகு சின்னவள் நேராக இங்கே வந்து நின்றாள். “அண்ணா, இங்க யாரும் இதை ஒண்ணும் பண்ண மாட்டீங்கல்ல?” என்பதுதான் வாசலில் அவள் கேட்ட முதல் கேள்வி.

ஓணானுக்கு வெளிச்சம் வேண்டும். வெயில் வருகிற ஜன்னல் அந்த வீட்டில் ஒன்றே ஒன்று. அதனடியில் அண்ணியின் தையல் மெஷின் இருந்தது. இப்போது மெஷின் சமையலறைச் சுவரோரம், பட்டப்பகலில் டியூப்லைட் போட்டால்தான் ஊசிக் காது தெரிகிற மூலையில். அண்ணி அதற்காக ஒரு வார்த்தைகூட முனகவில்லை. முனகியிருக்கலாம், நல்லதாகப் போயிருக்கும். ஆனால் அன்றிலிருந்து மேனேஜருக்காக ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டதில்லை.

போன வாரம் கால்நடை டாக்டர், மேனேஜரின் பின்னங்கால் நடுங்குகிறது, விளக்கு போதாது, நேர் வெயிலில் நடக்கவிடுங்கள் என்றார். விட்டால் ஓடிவிடும். நாய்க்கு மாட்டுகிற மாதிரி உடம்பைச் சுற்றி ஒரு பெல்ட் வேண்டும். கடையில் கிடைத்த பெல்ட்டில் முதுகுப்பக்கம் இரண்டு தோல் றெக்கை வைத்துத் தைத்திருந்தார்கள்.

“ஓணானுக்கு எதுக்கு றெக்கை? பறந்து போய் ஆபீஸ் பார்க்கவா?” என்று அண்ணன் கேட்டான். சின்னவள் முகம் தொங்கிப்போயிற்று. அப்போதுதான் அண்ணி அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

இனி, ஞாயிற்றுக்கிழமை.

*

சின்னவளுக்கு அன்று வேலையில் முதல் நாள். ஞாயிறும் திறந்திருக்கிற ஒரு பல் கிளினிக்கில், வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கும் வேலை. விடிந்ததிலிருந்து கண்ணாடியும் அவளுமாக இருந்தாள்.

“அண்ணி, இந்தச் சட்டை நல்லாருக்கா?”

“நல்லாத்தான் இருக்கு. காலர் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது, வா இங்க.” அண்ணி காலரை இழுத்து நேராக்கி, தோளில் ஒட்டியிருந்த நூலையும் எடுத்துப் போட்டாள்.

“பயமா இருக்கு அண்ணி.”

“பல்லைப் புடுங்கப் போறது உனக்கா? அங்க வர்றவங்க பயப்படட்டும், நீ தைரியமா போ.”

சின்னவள் சிரித்தாள். பல மாதம் கழித்து அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பு. அண்ணிக்கும் மனசு நிறைந்துதான் போயிற்று. அத்தோடு அவள் கிளம்பியிருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இருந்திருக்காது.

செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். “அண்ணி, இன்னைக்கு நல்ல வெயில். பெல்ட் ரெடியானதும் அண்ணனை விட்டு மேனேஜரைக் கொஞ்சம் வெளியில நடத்தச் சொல்லுங்க. அப்புறம், தொட்டி பத்தாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல, இதைவிடப் பெருசா ஒண்ணு வைக்கணும். ஜன்னல்கிட்ட இருக்கிற உங்க கட்டிங் டேபிளையும் உள்ள தள்ளிட்டா இடம் சரியா இருக்கும்.”

ஜன்னலடியில் அண்ணிக்கென்று மிச்சமிருந்தது துணி வெட்டுகிற அந்தச் சின்ன மேஜை ஒன்றுதான்.

“பார்க்கலாம்,” என்றாள் அண்ணி.

வீடுகளில் “பார்க்கலாம்” என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சின்னவளுக்குத்தான் அது புரியவில்லை. “தேங்க்ஸ் அண்ணி!” என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடிப்போனாள்.

*

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கதவு ஒழுங்காகச் சேரவில்லை என்று அண்ணன் விடிவதற்குள்ளேயே போயிருந்தான். கதவைச் சரிசெய்து மூடிவிட்டு கிரீஸ் கையோடு வந்தான். உட்காரக்கூட விடவில்லை அண்ணி.

“கையைக் கழுவிட்டு வந்து இதைப் பிடிங்க. அளவெடுக்கணும்.”

“கடிக்காதுல்ல?”

“உங்க தங்கச்சி வளர்த்த புள்ள, உங்களைக் கடிக்குமா? பிடிங்க.”

அளவு டேப்பைப் பார்த்ததும் மேனேஜருக்குப் பிடிக்காமல் போயிற்று. தாடி கறுத்தது, வாய் திறந்தது, விலா இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டு வந்தது.

“ஏய், ஏய்! கைக்குள்ளேயே பெருசாகுது இது!”

“ஆடாம பிடிங்கன்னா.”

கழுத்தைச் சுற்றி ஓர் அளவு, முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஓர் அளவு, இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு. மேஜைமேலேயே சாக்கட்டியால் குறித்துக்கொண்டாள். கைமுறிவுக்காரர்களுக்குத் தோளில் மாட்டித் தொங்கவிடும் பையின் உட்புறத்தில் வைக்கிற மெத்தென்ற துணி, பட்டறையில் மிஞ்சியது, வீட்டில் கிடந்தது. அதை வெட்டினாள். தோலில் உறுத்தாமல் இருக்கத் தையலை வெளிப்பக்கம் வைத்தாள். கழுத்துக்கு ஒரு வளையம், மார்புக்கு ஒரு வளையம், இரண்டையும் வயிற்றடியில் சேர்க்கிற ஒரு பட்டை. பிரித்தால் “பர்ர்” என்று சத்தம் போடுமே, அந்த வெல்க்ரோ பட்டையை வளையத்துக்கு ஒன்றாக முதுகுப்பக்கம் வைத்தாள், தரையில் உரசித் திறந்துகொள்ளாமல் இருக்க. கயிறு மாட்ட ஒரு சின்ன இரும்பு வளையம்.

உள்ளே எரிந்துகொண்டிருந்தாலும் கோணலாகத் தைக்க அவளுக்கு வராது. மாட்டிப் பார்த்தபோது பெல்ட் கச்சிதமாக உட்கார்ந்தது.

“அடேயப்பா, அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே!”

“அளவெடுத்துத்தான் தச்சேன்.”

அண்ணன் சிரித்துக்கொண்டே குளிக்கப் போனான். அண்ணி மேனேஜரை பெல்ட்டோடு கொண்டுபோய் அதன் கல்மேல் விட்டாள். நூல் குப்பையைக் கூட்டி அள்ளிவிட்டுத் திரும்பினாள்.

விளக்குச் சூட்டில் மேனேஜர் சாந்தமாகியிருந்தது. தாடியின் கறுப்பு போய்விட்டது. உப்பின விலா அடங்கி, உடம்பு பாதியாகத் தெரிந்தது. மார்பு வளையம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. கழுத்து வளையமும் தொளதொளவென்றிருந்தது.

அண்ணி ஒரு விரலை உள்ளே விட்டாள். போயிற்று. இரண்டாவது விரலையும் விட்டாள். அதுவும் போயிற்று.

இங்கே அவள் தொழிலைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பட்டறைக்கு பெல்ட் தைக்க வருகிறவர்களுக்கு அவள் இரண்டு தடவை அளவெடுப்பாள். வந்ததும் ஒரு தடவை. அப்போது டேப்பைப் பார்த்தாலே ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், வலிக்குமோ என்று உடம்பை இறுக்கிக்கொள்வார்கள். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நாலு வார்த்தை பேசிய பிறகு இன்னொரு தடவை. “ரெண்டாவது அளவுதான் உடம்போட அளவு, மொதல்ல எடுத்தது பயத்தோட அளவு,” என்று புதிதாக வேலைக்குச் சேர்கிற பெண்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். இரண்டு விரல் உள்ளே போகிற பெல்ட்டோடு ஒருத்தரையும் அவள் பட்டறை வாசலைத் தாண்ட விட்டதில்லை.

பிரித்து இன்னொரு தையல் போட்டால் முடிந்தது. மெஷின் மூடியைத் திறக்கக்கூடச் செய்தாள். அப்போது அந்தக் கட்டிங் டேபிள் கண்ணில் பட்டது. காலையில் கேட்டதெல்லாம் திரும்பவும் காதில் ஒலித்தது. மூடியை மூடிவிட்டாள்.

தொலையட்டும் என்று நினைத்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். அப்படி முழுசாக அவள் நினைக்கவில்லை. போனால் போகட்டும் என்று நினைத்தாளா? அதற்குப் பக்கத்தில் எங்கேயோதான் நின்றாள். எனக்கு அவளைப் பிடிக்கும், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிப்போக வசதியாக பெல்ட்டைக் கழற்றினான்.

“அங்க போய் நானே போட்டுவிடுறேன். அளவு சரியா இருக்குல்ல?”

“இருக்கு.”

“பட்டையை நல்லா அழுத்தி ஒட்டணும், அதானே?”

“ம்.”

“லிஃப்ட் கதவையே ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டு வர்றவன் நான். இதை மூணு தடவை பார்த்துடுறேன், போதுமா?” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான், என்னவோ கல்யாண மாப்பிள்ளையை அழைத்துப் போகிற மாதிரி.

*

அவன் போனதும் அண்ணிக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பாத்திரம் கழுவினாள். கழுவினதையே எடுத்துக் கழுவினாள்.

என்ன காரியம் செய்தோம் என்று அவளுக்கு உறைக்க வெகுநேரம் ஆகவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். பின்தெருவில் புல்வெளிதானே, ஓடிப்போய், “வாங்க, ஒரு தையல் விட்டுப்போச்சு” என்று கூட்டிவந்துவிடலாம். கதவைத் திறந்தாள். எதிரே அண்ணன்.

சட்டை முழுக்க இலைச்சருகு, முழங்காலில் மண். பெட்டி காலி.

“காணோம்,” என்றான்.

“என்னங்க சொல்றீங்க?”

“நல்லாத்தான் நடந்துச்சு. வெயில்ல கண்ணை மூடிக்கிட்டு என்ன சொகமா நின்னுச்சு தெரியுமா? அந்த நேரம் பார்த்து போன். ஏதோ ஒரு லிஃப்ட்ல ஆளுங்க மாட்டிக்கிட்டாங்களாம். சரியா கேக்கலைன்னு கயிறை பெஞ்சுக் கால்ல கட்டிட்டு நாலடி தள்ளிப் போனேன். பக்கத்துல இருக்கிற ஆளை அனுப்பச் சொல்லிட்டுத் திரும்பி வந்தா கயிறு இருக்கு, பெல்ட் இருக்கு, அது இல்ல. புதர் புதரா தேடிட்டேன். அவளுக்கு என்ன பதில் சொல்வேன்?”

பதற்றத்தில் சரியாகப் பார்க்காமலே சட்டைப் பையில் போட்டிருந்த பெல்ட்டை எடுத்து அவள் கையில் திணித்துவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனான்.

அண்ணி பெல்ட்டைப் பார்த்தாள். இரண்டு பட்டையும் ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, அழுத்தி, நகம் நுழைய இடமில்லாமல் ஒட்டியிருந்தான். மூடிய வளையத்துக்குள்ளிருந்துதான் அது பின்பக்கமாக நழுவிப் போயிருக்கிறது. யார் பார்த்தாலும் தெரியும், இது ஒட்டினவன் தப்பில்லை, தைத்தவள் தப்பு என்று.

உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணி பட்டையைப் பிடித்து இழுத்தாள். பர்ர். இன்னொன்றையும் இழுத்தாள். பர்ர். திறந்துகிடந்த பெல்ட்டை மேஜைமேல் வைத்தாள்.

யோசித்துச் செய்யவில்லை என்று அவளுக்காக நான் வாதாடலாம். கை தானாகச் செய்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் குழாய் நிற்பதற்குள் செய்தாளே!

*

சாயங்காலம் சின்னவள் வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தாள்.

“அண்ணி! எனக்கு டூத் பிரஷ் கொடுத்தாங்க, ஸ்டாஃபுக்கு ஃப்ரீயாம்! ஒரு பெரியவர் பல் செட்டைக் கழட்டி என் மேஜையிலயே வச்சுட்டாரு…” பேச்சு பாதியில் நின்றது. அவள் கண் தொட்டிக்குப் போயிற்று. கல் காலியாக இருந்தது. “மேனேஜர் எங்க?”

அண்ணன் எழுந்து நின்றான். நடந்ததைச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை, அவனுக்குத் தெரிந்தவரை.

சின்னவள் மேஜையிலிருந்த பெல்ட்டை எடுத்துப் பார்த்தாள். “பட்டை பிரிஞ்சிருக்கே அண்ணா. நீ அழுத்தி ஒட்டலையா?”

“ஒட்டினேனே…”

“ஒட்டினா எப்படிப் பிரியும்?”

அண்ணன் பெல்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் விரலைப் பார்த்தான். “மூணு தடவை இழுத்துப் பார்த்தேன்னுதான் நினைச்சேன்,” என்றான். குரல் இறங்கிவிட்டது. “பார்க்கலை போல.”

“ஒரு போன் வந்தா கட்டிப்போட்டுட்டுப் போயிடுவியா? உன்னை நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்? அவரு வெளியில வச்சாரு, நீ தொலைச்சுட்டே. என்ன வித்தியாசம் சொல்லு?”

அடித்திருந்தால்கூட அண்ணனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. “தப்புதாம்மா,” என்று மட்டும் சொன்னான்.

அண்ணி வாயைத் திறந்தாள். “சண்டை அப்புறம் போடலாம். இருட்டறதுக்குள்ள போய்த் தேடுவோம்,” என்பதுதான் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

*

புல்வெளியின் இரண்டு பக்கமும் குட்டையான செடிவேலி, பின்பக்கம் கடைகளின் முதுகுச் சுவர்கள். அண்ணன் வேலிக்குள் தலையை விட்டு ஒவ்வொரு கிளையாகப் பார்த்தான். சின்னவள் பெஞ்சுக்கு அடியில், குப்பைத் தொட்டிக்குப் பின்னால், கூப்பிட்டால் வருகிற நாய்க்குட்டி மாதிரி, “மேனேஜர்! மேனேஜர்!” என்று கூப்பிட்டுக்கொண்டே தேடினாள். அந்தப் பக்கம் போன ஒரு ஆள், “எந்த ஆபீஸ்மா?” என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

“வெயில் போயிட்டா அது நகராது அண்ணி,” என்றாள் சின்னவள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. “உடம்பு சில்லிட்டுப் போயிடும். பூனை வந்து நின்னாலும் ஓடத் தெரியாது, அப்படியே பார்த்துக்கிட்டு இருக்கும்.”

வெயில் மேல்மாடிகளுக்கு ஏறிவிட்டது. புல்லில் கால் வைத்தால் ஈரம் பட்டது.

அண்ணி தேடினாள் பாருங்கள், பிள்ளையைத் தொலைத்தவள்கூட அப்படித் தேடமாட்டாள். முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டாள், சாக்கடை மூடியைக் கையால் தூக்கினாள். கிடைத்துவிடு, கிடைத்துவிடு, உனக்கு அந்த ஜன்னலை முழுசாகத் தந்துவிடுகிறேன் என்று ஓணானிடமே பேரம் பேசிக்கொண்டு போனாள்.

சூடு தேடித்தானே போயிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கடைகளின் பின்சுவரை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடந்தாள். சில்லென்று, சில்லென்று, அடுத்தது கதகதவென்று. ரொட்டிக் கடையின் அடுப்புச் சுவர். கீழே குனிந்தாள். மழைத்தண்ணீர்க் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே, கன்னங்கரேலென்று, மேனேஜர் ஒட்டிக்கொண்டிருந்தது.

கை பட்டதும் அது உப்பியது. தாடியை விரித்து வாயைத் திறந்தது. அதற்கு அண்ணியும் ஒன்றுதான், பூனையும் ஒன்றுதான். அவள் இரண்டு கையாலும் பொத்தி எடுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அது அடங்கிற்று. விலா சுருங்கி, உடம்பு சுருங்கி, கைக்குள்ளேயே சின்னதாகிக்கொண்டு வந்தது. எல்லாம் அவள் விரலுக்குத் தெரிந்தது. அதன்பிறகுதான் அவள் அழுதாள்.

“அண்ணி!” சின்னவள் ஓடிவந்து மேனேஜரையும் அண்ணியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். “எனக்குத் தெரியும், நீங்கதான் கண்டுபிடிப்பீங்கன்னு. நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்? பார்த்துப் பார்த்து எவ்வளவு மெத்துனு தச்சிருந்தீங்க, எல்லாம் இந்த அண்ணன் கையால வந்த வினை.”

அண்ணி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

*

வீட்டுக்கு வந்து விளக்கடியில் விட்டதும் மேனேஜர் கண்ணைத் திறந்தது. ஒரு தடவை தலையையும் ஆட்டியது. சின்னவள் சிரித்து, அழுது, அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“அண்ணா, உன்மேல கோபம் போயிடுச்சு. ஆனா இனிமே இவன் பக்கம் நீ வராதே. உன் கைக்கு லிஃப்ட்தான் லாயக்கு.”

“சரிம்மா,” என்று அண்ணனும் சிரித்தான்.

அவ்வளவுதான், முடிந்தது என்று அண்ணி நினைத்தாள். மேனேஜர் கிடைத்துவிட்டது. அண்ணனும் தங்கையும் ராசி. ராத்திரிக்குள் யாருக்கும் தெரியாமல் பெல்ட்டைப் பிரித்து ஒரு தையல் உள்ளே தள்ளிவிட்டால் போதும். இனிமேல் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை.

சிரித்த அண்ணன் எழுந்து சமையலறைப் பக்கம் போனான். போனை எடுத்தான். மெதுவாகத்தான் பேசினான், ஆனால் அந்த வீட்டில் எங்கே நின்று பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும்.

“தம்பி, நான்தான். ஒரு உதவி செய்யணும். காலையில நான் ஒரு லிஃப்ட் கதவு முடிச்சுட்டு வந்தேன்ல, அதை இப்பவே போய் நிறுத்திடு. நிறுத்திட்டு மறுபடி திறந்து நீ ஒரு தடவை பாரு… இல்லப்பா, கம்ப்ளெய்ன்ட் ஒண்ணும் வரலை… செக் பண்ணினேன்னுதான் நினைக்கிறேன். ஆனா இன்னைக்கு ஒரு பட்டையை மூணு தடவை இழுத்துப் பார்த்தேன்னு சத்தியமே பண்ணியிருப்பேன், பார்க்கலை. என் கைமேல எனக்கே நம்பிக்கை போச்சுப்பா. அதுல குழந்தைங்க ஏறும் இறங்கும்… நாளைக்கு வேற ஆளைப் போடச் சொல்லி நான் ஆபீஸ்ல பேசிக்கறேன். கொஞ்ச நாளைக்குக் கதவு வேலையே வேண்டாம் எனக்கு.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனுஷனிடம் அண்ணி பார்த்த ஒரே கர்வம் அந்தக் கைதான்.

“நீங்க இழுத்துப் பார்த்தீங்க,” என்றாள்.

அண்ணன் திரும்பினான்.

“நீங்க ஒட்டினது ஒட்டினபடிதான் இருந்துச்சு. நான்தான் பிரிச்சேன். நீங்க தண்ணி குடிக்கப் போனப்போ. போனை வச்சுட்டு வாங்க, லிஃப்டை நிறுத்த வேண்டாம். உங்க கையில ஒரு தப்பும் இல்ல.”

அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்தான். வைக்கத் தோன்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டு வந்தான். சின்னவள் மடியில் மேனேஜரோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க எதுக்கு அண்ணி பிரிச்சீங்க?”

“மூடியிருந்தா, லூசா இருந்துதான் கழண்டுச்சுன்னு தெரிஞ்சுடும்ல. என் தையல்தான்னு தெரிஞ்சுடும்ல.”

முதலில் பேசினது அண்ணன்தான். பாவம், அந்த நேரத்திலும் பெண்டாட்டியை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

“அளவெடுக்கும்போது அது பயந்து உப்பிக்கிட்டு இருந்துச்சும்மா. நான்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், எனக்குத் தெரியும். அப்ப எடுத்த அளவு, அப்புறம் லூசாப் போச்சு. ஓணான் உப்பும் அடங்கும்னு இவளுக்கு எப்படித் தெரியும்? பயத்துல மறைச்சுட்டா, விடு.”

சின்னவள் அண்ணியையே பார்த்தாள். நம்ப ஆசைப்படுகிற முகம் அது. “ஆமால்ல… நான்தான் சொல்லியிருக்கணும். எனக்கே தோணலை. தெரியாமத்தானே அண்ணி நடந்துச்சு? நீங்க வேணும்னு அனுப்பலையே?”

இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளுக்கு வழி விட்டுவிட்டார்கள். வாய் திறக்கக்கூட வேண்டாம். தலையை ஆட்டினால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

“தெரியும்,” என்றாள் அண்ணி. “அவர் கிளம்பறதுக்கு முன்னாடியே தெரியும். ரெண்டு விரல் உள்ள போச்சு. அளவு சரியா இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னு சொல்லித்தான் அனுப்பினேன்.”

சின்னவள் அழவில்லை, கத்தவில்லை. மேனேஜரை இரண்டு கையாலும் மூடி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அண்ணி நின்ற பக்கத்திலிருந்து ஓரடி பின்னால் போனாள். அப்புறம் இன்னும் ஓரடி.